மச்சான் பக்கத்துப் பட்டை

"வலது பக்கம் இறங்கியிருக்கு சார்."

"இறங்கலை. இடது பக்கம் தூக்கியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? தூக்கியிருந்தா நீங்க போட்ட பட்டை மேல தப்பு. இறங்கியிருந்தா உட்கார்ந்திருக்கிற என் மேல தப்பு."

"அதனாலதான் இறங்கியிருக்குன்னு சொல்றேன்."

"மச்சான், நீ சொல்லுடா. உன் பக்கம் தூக்குதா, இல்லையா?"

"நான் எப்படி மாமா சொல்றது? நான் உள்ள உட்கார்ந்திருக்கேன்."

அவன் சொன்னது உண்மை. ஜீப்பின் இடது இருக்கையில் பெல்ட் போட்டு, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்து, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவன் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது இருக்கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவனுடைய அக்கா கணவர். வெளியே, பானட்டின் குறுக்கே ரசமட்டத்தை வைத்து, அதன் மேல் குனிந்து நின்றவர் பட்டறையின் சொந்தக்காரி. சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர்கள் போல அவர் எப்போதும் ரசமட்டம் வைத்திருப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் லெவல் அக்கா. ரசமட்டத்தின் பச்சைத் தண்ணீருக்குள் குமிழி நடுக்கோட்டைத் தாண்டி இடது ஓரத்தில் போய், வெயிலுக்கு ஒதுங்கிய மீன் போல அசையாமல் நின்றது. குமிழி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உயரம். இதில் வாதம் செய்ய எதுவும் இல்லை. இருந்தாலும் மாமா வாதம் செய்தார்.

"மழைக்கு முன்னாடி இதே இடத்துல, இதே மச்சானை வச்சுத்தானே பாத்தோம்? நடுவுல நின்னுச்சு."

"நின்னுச்சு."

"வண்டி மாறலை. மச்சான் மாறலை. பட்டைதான் மாறியிருக்கணும்."

லெவல் அக்கா மச்சானைப் பார்த்தார். மச்சான் எதிர்ச் சுவரில் தொங்கிய பழைய டயரைப் பார்த்தான்.

அவனை மச்சான் என்று கூப்பிட உரிமை உள்ளவர் மாமா ஒருவர்தான். ஆனால் அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பட்டறையில் எல்லோருக்கும் அவன் மச்சானாகிவிட்டான். வெல்டரைவிட வயதில் சின்னவன், பெயிண்டரைவிடப் பெரியவன், இருவருக்கும் மச்சான். அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை. அங்கே அவனுக்கு ஒரு பெயர் உண்டு. இங்கே அது தேவைப்படவில்லை.

மாமா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அடுத்தவர் கண்ணில் கால் பாயிண்ட் கூடியிருந்தாலும் வாசலில் நடந்து வரும்போதே சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். ஜீப்பை எடுத்துக்கொண்டு பாதை இல்லாத இடத்துக்குப் போய், பாதை இல்லை என்று உறுதிசெய்துவிட்டுத் திரும்பி வருவார். அதற்காக ஜீப்பின் கீழ்ப்பாகத்தை ஏறக்குறைய முழுதாக மாற்றியிருந்தார். வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு இறுக்கிய கட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு உண்டு. ஆக்சிலுக்கு அடியில் இருந்த அந்தக் கட்டுகளை ஆக்சிலுக்கு மேலே ஏற்றினார்கள். வண்டி ஒரு சாண் உயர்ந்தது. பிறகு கட்டு ஒவ்வொன்றிலிருந்தும் சில பட்டைகளை உருவினார்கள். பட்டை அதிகமானால் கட்டு விறைக்கும், சக்கரம் கல்லைக் கண்டால் துள்ளும். பட்டை குறைந்தால் சக்கரம் கல்லைத் தடவிக்கொண்டே ஏறி இறங்கும்.

ஆனால் பட்டை குறைந்த வண்டிக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. அது எதையும் மறைப்பதில்லை. மச்சான் தொண்ணூற்றெட்டு கிலோ. மாமா அறுபத்தைந்து. மச்சான் ஏறியதும் ஜீப் இடது பக்கம் சாய்ந்து, யாரிடமோ ரகசியம் சொல்வது போல நின்றது. லெவல் அக்கா இடது பக்கக் கட்டுகளில் மட்டும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, கூடுதல் பட்டை வைத்தார். அதற்கு மச்சான் பட்டை என்று பெயர் வந்தது. அன்றிலிருந்து மச்சான் ஏறினால் ஜீப் சமம். மச்சான் இறங்கினால், கம்பத்தைப் பார்த்த நாய் மாதிரி ஒரு பக்கம் தூக்கி நிற்கும். மாமாவுக்கு அது பெருமை. "என் மச்சான் என் வண்டியோட ஒரு பாகம்" என்று கடைக்கு வருபவர்களிடம், அவர்கள் ஒரு கண்ணை மூடி எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்கும்போது, சொல்வார்.

மச்சானிடம் ஒரு விஷயம் இருந்தது. அதை மாமாவிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு இந்த வாரத்தைவிட்டால் வேறு வாரம் இல்லை.

"கழட்டிப் பாத்துடலாம்" என்றார் மாமா.

கழற்றிப் பார்த்தார்கள். யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, கட்டைப் பிரித்து, பட்டைகளைத் தரையில் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக வைத்தார்கள். லெவல் அக்கா ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கேட்டார். விரிசல் இல்லை. வளைவு மாறவில்லை.

"பட்டை நல்லாத்தான் இருக்கு சார். மச்சான், நீ அந்தத் தராசுல கொஞ்சம் ஏறி நில்லு" என்று பழைய இரும்பு எடை போடும் தராசைக் காட்டினார்.

"கால் வலிக்குதுக்கா."

"நிக்கிறதுக்கா?"

"அவன் எடை எனக்குத் தெரியாதா?" என்று மாமா குறுக்கே வந்தார். "என் கல்யாணத்துல இருந்து பாக்கிறேன். பட்டை புதுசு, இன்னும் படியலை. அதான் விஷயம். வர்ற ஞாயித்துக்கிழமை சாய்பாறை. அதுக்குள்ள படிய வைங்க."

சாய்பாறை என்ற பெயரைச் சொல்லும்போது மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கும். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் போட்டியின் கடைசிக் கட்டம் அது. கூரை மாதிரி சரிந்த ஒரு பெரும்பாறையைக் குறுக்காகக் கடக்க வேண்டும். இடது சக்கரங்கள் மேலே, வலது சக்கரங்கள் கீழே. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் உடம்பை வெளியே தள்ளி, மேட்டுப் பக்கமாகத் தொங்கி, வண்டி கவிழாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். போன வருடம் மச்சானுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதில் மாமா தன் கடையில் கண்ணாடிச் சட்டம் பொருத்துபவரைக் கூட்டிப் போனார். ஒல்லியான மனிதர். ஜீப் பாதிப் பாறையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தூக்கம் வந்த குழந்தை போல மெதுவாக வலது பக்கம் படுத்துக்கொண்டது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் இன்றுவரை கடைக்கு வருபவர்களில் யாராவது, "என்ன சார், ஜீப் எந்திரிச்சிடுச்சா?" என்று கேட்கிறார்கள். மாமா அவர்களுக்குக் கொஞ்சம் விலை கூடிய சட்டத்தை எடுத்துக் காட்டுவார்.

வீட்டில் அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர்.

"கேட்டியா?"

"கேக்கலை."

"ஏன்?"

"குமிழி இடது பக்கம் போயிடுச்சு."

அக்கா ஒரு தப்புக் கோடு போட்டாள். அது விடைத்தாளுக்கா தம்பிக்கா என்று தெரியவில்லை.

"குமிழி நடுவுல வந்தா மாமா நல்ல மனநிலையில இருப்பார்க்கா. அப்போ கேக்கலாம்னு."

"ஒரு குமிழி நடுவுக்கு வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு உட்கார்ந்திருக்கணுமா?"

"உட்காரலை. நீந்திக்கிட்டு இருக்காங்க."

அந்தப் பெண் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். முதுகுவலிக்கு நீந்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னதால் மச்சான் மழைக்காலத் தொடக்கத்தில் குளத்துக்குப் போனான். முதல் நாள் அவர் அவனைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "மிதக்கிறது உங்களுக்குப் பிரச்சனையே இல்லை. நகர்றதுதான்" என்றார். மச்சான் நகரக் கற்றுக்கொண்டான். முதுகுவலி போய்விட்டது. குளத்துக்குப் போவது நிற்கவில்லை. இதற்கிடையில், யாரும் கேட்காமலேயே, எடை குறைந்துகொண்டு வந்தது. அதைப் பற்றி அந்தப் பெண் நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், "பேன்ட்டை ஏன் கயித்தால கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். அன்று இருவரும் குளத்துப் படியில் வெகுநேரம் உட்கார்ந்து பேசினார்கள்.

அவருடைய அப்பா கப்பலில் சமையல்காரர். விடுமுறை முடிந்து ஞாயிறு மதியம் கிளம்புகிறார். கிளம்பினால் எந்தக் கடலில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. "அன்னிக்குக் காலையில உங்க வீட்டுப் பெரியவங்க வந்து பேசட்டும்" என்று சொல்லியிருந்தார். மச்சானுக்கு அப்பா அம்மா இல்லை. பெரியவர்கள் என்றால் அக்காவும் மாமாவும்தான்.

"நீ மட்டும் வந்தா போதாதாக்கா?"

"நான் வர்றேன். அவர் ஏன் வரலைன்னு கேப்பாங்க. ஜீப்பைச் சாய்ச்சுக்கிட்டு இருக்கார்னு சொல்லட்டுமா?"

"நீயே அவர்கிட்ட சொல்லிடேன்."

"நான் சொன்னா சண்டையாகும். நீ கேட்டாத்தான் அது விஷயம்" என்று அடுத்த தாளை எடுத்தாள். "இந்தப் பையனைப் பாரு. விடை சரியா இருக்கு, வழி தப்பு. இவனுக்கும் உனக்கும் என்ன மார்க் போடறதுன்னே தெரியலை."

மறுநாள் மாலை, மாமா கடையில் இருக்கும் நேரம் பார்த்து, மச்சான் பட்டறைக்குப் போனான். மூலையில் வண்டிகளிலிருந்து உருவிய பழைய பட்டைகள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன.

"அக்கா, இதுல சிலது எடுத்துக்கட்டுமா? வீட்டுல கதவுக்கு முட்டுக் கொடுக்கணும்."

லெவல் அக்கா அவன் பொறுக்கி வைத்ததைப் பார்த்தார். "எந்தக் கதவுக்குடா இவ்வளவு முட்டு? ஜெயில் கதவா?"

"காத்து அதிகம்க்கா."

அவர் வேறு எதுவும் கேட்காமல் டீ குடிக்கப் போனார். மச்சான் ஜீப்பின் இடது இருக்கைக்கு அடியில் பட்டைகளைச் செருகினான். கையால் ஆட்டிப் பார்த்தான். மணியடித்தது போலச் சத்தம் வந்தது. யோசித்தான். பையில் நீச்சல்குளத்துத் துண்டுகள் இருந்தன, ஈரம் காய்ந்து மொரமொரவென்று. பட்டைகளை அவற்றில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பது போல உள்ளே தள்ளினான். இப்போது சத்தம் இல்லை. தன்னுடைய காணாமல்போன பகுதியைத் தானே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் நிம்மதியாகவும், கொஞ்சம் விசித்திரமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை லெவல் அக்கா பானட்டில் ரசமட்டத்தை வைத்தார். மச்சான் உள்ளே மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். குமிழி ஆடியது, தயங்கியது, நடுக்கோட்டுக்குள் வந்து நின்றது.

மாமா வண்டியிலிருந்து இறங்கினார். குமிழி உடனே ஓடியது. திரும்ப ஏறினார். நடுவுக்கு வந்தது. மூன்று நான்கு தடவை இறங்கி ஏறினார். அவருக்கு அது அலுக்கவில்லை.

"நான் சொன்னேன்ல? படிஞ்சிடுச்சு."

"இரும்பு ராத்திரி தூங்கி எந்திரிச்சு மனசு மாத்திக்காது சார்" என்றார் லெவல் அக்கா.

"உங்க கை ராசி. நீங்க போட்ட பட்டை."

பாராட்டை மறுக்க யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் வாய் வராது. லெவல் அக்கா ரசமட்டத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாமாவின் முகம் முழுக்க வெளிச்சம். இதுதான் அந்த நேரம் என்று மச்சான் முடிவுசெய்தான். "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளு. எது வேணாலும் கேளு. இல்ல, இரு, போய்க்கிட்டே கேளு. இப்பவே சாய்பாறைக்குப் போய் ஒரு தடவை ஏத்திப் பாத்துடலாம்."

போகும் வழியில் கேட்க முடியவில்லை. மேலே கூரை இல்லாத ஜீப், காற்று வார்த்தைகளை வாயிலேயே திருப்பி அடைத்தது. மாமா வேறு பாடிக்கொண்டு வந்தார். பின்னால் லெவல் அக்கா தன் சின்ன வேனில் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

பாறையின் அடியில் மாமா நிறுத்தி, கீழ் கியரில் போட்டார். மச்சான் பெல்ட்டைக் கழற்றி, வலது கையால் கம்பியைப் பிடித்து, உடம்பு முழுவதையும் இடது பக்கம் வெளியே தள்ளித் தொங்கினான். ஜீப் பாறையில் ஏறியது. சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய உயரத்தில் இருந்தன, பட்டைகள் முனகிக்கொண்டே வளைந்து கொடுத்தன. போன வருடம் படுத்த இடத்தைத் தாண்டினார்கள்.

"மச்சான், தாண்டிட்டோம்டா!"

அப்போது அடுத்த அறையில் யாரோ பெட்டியை நகர்த்துவது போல மெதுவான ஒரு சத்தம் கேட்டது. இருக்கைக்கு அடியிலிருந்து துண்டு மூட்டை வெளியே வந்து, அவசரமே இல்லாமல் சரிவில் வழுக்கிக்கொண்டு மாமாவின் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஜீப் வலது பக்கம் இறங்கியது. இடது முன்சக்கரம் பாறையைவிட்டு எழும்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எஞ்சின் அணைந்தது.

ஜீப் கவிழவில்லை. கவிழ்வதா வேண்டாமா என்று யோசிக்கிற நிலையில் நின்றது.

கீழேயிருந்து லெவல் அக்காவின் குரல் வந்தது. "அசையாதீங்க! மச்சான், நீ இறங்கினா அவர் கவுந்துடுவார். சார், நீங்க பிரேக்கை விட்டா ரெண்டு பேரும் கவுந்துடுவீங்க. கயிறு இருக்கு, இழுக்க என் வேனுக்குத் தெம்பு இல்ல. கல்குவாரிக்குப் போய் டிராக்டர் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் மூச்சை மட்டும் விடுங்க. அதையும் இடது பக்கமா விடுங்க."

வேன் போகும் சத்தம் தேய்ந்தது. ஒரு பறவை வந்து தூக்கியிருந்த சக்கரத்தின் மேல் உட்காரப் பார்த்து, ஏனோ வேண்டாம் என்று போய்விட்டது. இருவரும் அதற்கு நன்றியோடு இருந்தார்கள்.

"என்னடா உருண்டுச்சு?"

"பட்டை மாமா."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "உடைஞ்சிடுச்சா?"

"இல்ல. அது நல்லா இருக்கு. இது வேற பட்டை."

மாமா கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தார். நீலத் துண்டு. ஓரத்தில் நீச்சல்குளத்தின் பெயர். துண்டின் வாயிலிருந்து துருப்பிடித்த ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"துண்டுல எதுக்குச் சுத்தினே?"

"சத்தம் வரக் கூடாதுன்னு."

"அதான் வழுக்கியிருக்கு. சாக்குல சுத்தியிருந்தா நின்னிருக்கும்."

"தோணலை மாமா."

"கம்பி போட்டுக் கட்டியிருக்கலாம்."

"அதுவும் தோணலை."

கொஞ்ச நேரம் இருவரும் மூச்சு விட்டார்கள்.

"எதுக்குடா வச்சே?"

"எடைக்கு."

"எந்த எடைக்கு?"

"எனக்குப் பதிலா."

மாமா தலையை மட்டும் திருப்பினார். மற்றதைத் திருப்பினால் வண்டி திரும்பிவிடும். சட்டை காற்றில் உடம்போடு ஒட்டியிருந்ததால் மச்சானின் கழுத்தெலும்பு தெரிந்தது. அப்படி ஓர் எலும்பு மச்சானிடம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அவர் அவனை மேலிருந்து கீழே பார்த்தார், தொங்கிக்கொண்டிருந்த இடுப்பையும் பேன்ட்டைச் சுற்றிய கயிற்றையும் பார்த்தார்.

"உடம்புக்கு என்னடா? டாக்டர்கிட்ட போனியா? உங்க அக்காவுக்குத் தெரியுமா? என்கிட்ட ஏன்டா மறைச்சீங்க?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மாமா. நீந்துறேன்."

"நீந்துறியா?"

"முதுகுவலிக்கு ஆரம்பிச்சேன்."

"இப்போ எப்படி இருக்கு?"

"வலி போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா அப்புறம் எதுக்கு நீந்துறே?"

மச்சானின் வலது கை கம்பியில் மரத்துப்போயிருந்தது. பிடியை மாற்ற முடியாது. போவதற்கும் இடம் இல்லை, பேச்சை மாற்றுவதற்கும் வழி இல்லை. நீச்சல் சொல்லிக்கொடுப்பவரைப் பற்றிச் சொன்னான். மிதப்பது, நகர்வது, குளத்துப் படி, கப்பலில் இருக்கும் அப்பா, எல்லாவற்றையும் தொங்கிக்கொண்டே பாறையைப் பார்த்துச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

மாமா கேட்டுக்கொண்டிருந்தார். பயம் போன இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்தது.

"இப்போ எவ்வளவு இருக்கே?"

"எழுபத்தெட்டு."

"அப்போ விஷயம் ரொம்பச் சின்னது" என்றார். குரலில் பழைய தெம்பு. "மச்சான் பட்டையைக் கழட்டிட்டு, அதைவிட மெல்லிசா ஒண்ணு போட்டாப் போதும். நாளைக்கே பண்ணிடலாம். நீ இன்னும் நல்லா வெளிய தொங்கலாம், சின்ன உடம்பு. சீட்டுக்கு அடியில எதுவும் வேண்டாம். பாத்தியா, தாண்டிட்டோம், போன வருஷம் விழுந்த இடத்தைத் தாண்டிட்டோம்டா. ஞாயித்துக்கிழமை இதே மாதிரி..."

"மாமா."

"சொல்லு."

"ஞாயித்துக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேன்."

தூரத்தில் டிராக்டர் போன்ற ஒரு சத்தம். காற்றாகவும் இருக்கலாம். மாமா ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். எஞ்சின் அணைந்த வண்டியில் அதைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

"அவங்க அப்பா அன்னிக்கு மதியமே கிளம்புறார். காலையில பெரியவங்க வந்து பேசணும்னு சொல்லியிருக்கார். எனக்குப் பெரியவங்கன்னா நீங்களும் அக்காவும்தான். போட்டியும் அதே காலையிலதான்னு எனக்குத் தெரியும் மாமா. கடைக்கு வர்றவங்க என்ன கேக்கறாங்கன்னும் தெரியும்." அவன் நிறுத்தி, இடது பக்கமாக ஒரு மூச்சு விட்டான். "இதை விட்டுட்டு, அன்னிக்கு என்கூட அவங்க வீட்டுக்கு வர்றீங்களா?"